மண்ணுக்கு இத்தனை புக்கு, பக்கத்துல இருக்குற மனுஷனுக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன இதழ்ல இயற்கை வாழ்வியல், பெர்மாகல்ச்சர் (இயற்கைய ஒட்டி நிலத்த நீண்ட காலத்துக்குத் திட்டமிடற முறை), தற்சார்பு சமூகம் பத்தி படிக்க வேண்டிய புக்குன்னு ஒரு பெரிய லிஸ்ட் போட்டிருந்தீங்க. பாத்ததும் சந்தோஷம்தான், அதுல பாதிக்கு மேல நான் படிச்சது, சிலத ரெண்டு தடவ கூட படிச்சிருக்கேன். ஆனா லிஸ்ட்ட முடிச்சப்புறம் மனசுல ஒரு குறை. மண்ணுக்கு புக்கு இருக்கு, விதைக்கு இருக்கு, மரம், மழைத்தண்ணி, கம்போஸ்ட்னு எல்லாத்துக்கும் இருக்கு, தலைப்புலயே சமூகம்னு போட்டுட்டு அந்த சமூகத்துக்கு மட்டும் ஒண்ணு கூட இல்ல. சேந்து வாழறது தானா வந்துடும்னு விட்டுட்டீங்க போல. வராது சார், பட்டுத் தெரிஞ்சுகிட்டவன் சொல்றேன்.

சில வருஷம் முன்னாடி நாங்க ஆறு குடும்பம் சேந்து ஒரு நிலம் எடுத்தோம். எல்லாருமே படிச்சவங்க, அதாவது நீங்க சொன்ன இந்த புக்குகள படிச்சவங்க. கம்போஸ்ட்டுக்கு கார்பன் முப்பது பங்குன்னா நைட்ரஜன் ஒரு பங்கு, கைப்பிடி எடுத்துப் பிழிஞ்சா ஒண்ணு ரெண்டு சொட்டுதான் தண்ணி வரணும், எல்லாம் மனப்பாடம். ஆனா காஞ்ச இலைய யாரு கூட்டி அள்ளிட்டு வரணும்னு எந்த புக்கும் சொல்லல, நாங்களும் பேசிக்கல. சமையல் கழிவும் பச்சைப் புல்லும் மட்டும் தினமும் வந்து விழுது, ஏன்னா அது கொட்டுற வேலை, சுலபம். ஒரு மாசத்துல குவியல் அப்படியே அமுங்கி கறுப்பா கொழகொழன்னு ஆயிடுச்சு, அழுகின முட்டை நாத்தம், குவியலுக்குப் பக்கத்து வீட்டுக்காரங்க ஜன்னலே திறக்க முடியல. கடைசில நானும் இன்னொருத்தரும் நாலு சாக்கு சருகு கொண்டுவந்து, குப்பை புரட்டுற பெரிய முள்ளுக் கரண்டியால அடிவரைக்கும் புரட்டிப் போட்டோம், காத்து உள்ள போனதும் மூணாம் நாளு ஆவி பறக்குது, கைய உள்ள விட்டா வச்சிருக்க முடியல, அவ்வளவு சூடு. குப்பை சரியாயிடுச்சு. ஆனா அதுக்குள்ள ஜன்னல் திறக்க முடியாத வீட்டுக்காரங்களுக்கும் மத்தவங்களுக்கும் பேச்சு வார்த்தையே நின்னு போச்சு, அப்புறம் கிணத்துத் தண்ணி முறையில தகராறு, அப்புறம் ஒரு குடும்பம் நாங்க கிளம்பறோம் எங்க பங்க குடுங்கன்னு நின்னப்போ, எவ்வளவு குடுக்கணும் எப்ப குடுக்கணும்னு ஒரு வரி கூட எழுதி வைக்கலன்னு அன்னைக்குதான் தெரிஞ்சுது. மூணாவது வருஷம் நானும் வெளிய வந்துட்டேன்.

அதுக்கப்புறம்தான் டயானா லீஃப் கிறிஸ்டியன் எழுதின 'கிரியேட்டிங் எ லைஃப் டுகெதர்' கைக்குக் கிடைச்சுது, 2003ல வந்த புக்கு. இப்படி சேந்து வாழ ஆரம்பிக்கிற முயற்சிகள்ல பத்துல ஒண்ணுதான் நிக்குதுன்னு அந்தம்மா எடுத்த எடுப்புலயே சொல்லிடறாங்க. மத்ததெல்லாம் ஏன் கவுந்துதுன்னா அவங்க கெட்டவங்கன்னு இல்லயாம், முடிவ எப்படி எடுக்கணும், புதுசா வர்றவங்கள எப்படி சேக்கணும், கிளம்பறவங்களுக்கு என்னன்னு ஆரம்பத்துலயே எழுதி வைக்காததுதானாம், சண்டை அஸ்திவாரத்துலயே இருக்குங்கறாங்க. படிக்கப் படிக்க எங்க கதையவே யாரோ ஒளிஞ்சிருந்து எழுதின மாதிரி இருந்துச்சு. சுவாரஸ்யமான புக்குன்னு சொல்ல மாட்டேன், பத்திர ஆபீஸ் வாடை அடிக்கும், ஆனா நாங்க நிலம் வாங்கறதுக்கு முன்னாடி இத ஒருத்தர் குடுத்திருந்தா நல்லா இருந்திருக்கும்.

இன்னொண்ணு எலினார் ஆஸ்ட்ரம் 1990ல எழுதின 'கவர்னிங் த காமன்ஸ்'. 2009ல பொருளாதார நோபல் வாங்கினவங்க, அந்தப் பரிச வாங்கின முதல் பெண். பொதுச்சொத்துன்னா ஆளாளுக்கு மேஞ்சு அழிச்சுடுவாங்கன்னு 1968ல காரெட் ஹார்டின் ஒரு கட்டுரை எழுதி அதையே எல்லாரும் பிடிச்சுகிட்டாங்க இல்லயா, இந்தம்மா நேரா போயி, அழியாம நூத்துக்கணக்கான வருஷம் ஓடுற இடம்லாம் எங்க இருக்குன்னு தேடினாங்க. சுவிட்சர்லாந்துல டோர்பெல்னு ஒரு மலைக் கிராமம், அங்க 1517லயே ஒரு விதி: குளிர்காலத்துல உன் தீவனத்துல எத்தனை மாட்டக் காப்பாத்த முடியுமோ அத்தனை மாட்டதான் கோடையில பொது மேய்ச்சலுக்கு ஓட்டலாம். அவ்வளவுதான், ஒரே வரி. கணக்கெடுக்கறதும் சுலபம், ஏமாத்தறதும் கஷ்டம். ஸ்பெயின்ல வலென்சியாவுல வாய்க்கால் தண்ணித் தகராற தீக்க வியாழக்கிழமை தோறும் தேவாலய வாசல்ல விவசாயிங்களே உக்காந்து, எழுத்து கிழுத்து இல்லாம வாய்ப்பேச்சுலயே விசாரிச்சுத் தீர்ப்பு சொல்றாங்க, இன்னைக்கும் நடக்குது. தப்பு பண்ணினவன எடுத்ததும் தள்ளி வைக்காம முதல்ல சின்ன அபராதம், திரும்பப் பண்ணினா கொஞ்சம் பெருசுன்னு போகணும்னும் சொல்றாங்க. எங்க கிணத்துல இதுல ஒண்ணு இருந்திருந்தாலும் போதும். கொஞ்சம் கல்லூரிப் பாடம் மாதிரி இருக்கும்தான், மூணாவது அத்தியாயத்த மட்டும் படிச்சாலும் சரி.

சரி, நீங்க சொன்ன புக்குகளுக்கே வர்றேன். ஜப்பான் விவசாயி ஃபுகோகாவோட 'ஒற்றை வைக்கோல் புரட்சி', 1975ல அங்க வந்தது. எதுவும் செய்யாத விவசாயம்னு நீங்க ஒரு வரியில முடிச்சுட்டீங்க, அதப் படிச்சுட்டு நிலத்தப் போட்டது போட்டபடி விட்டவங்க எத்தனை பேரோ. அவரே ஆரம்பத்துல அப்பாவோட ஆரஞ்சுத் தோட்டத்த கவாத்து பண்ணாம அப்படியே விட்டாரு, கிளையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு பின்னி, பூச்சி விழுந்து, தோட்டம் காஞ்சே போச்சு. ஒருதடவ மனுஷன் கைவச்சு வளத்த மரத்த திடீர்னு கைவிட்டா அது இயற்கை இல்ல, அநாதையா விடறதுன்னு அவருக்குப் புரிஞ்சது அங்கதான். உழவு வேணாம், செஞ்சு வச்ச எரு வேணாம், களை பறிக்க வேணாம், மருந்து வேணாம்னு அந்த நாலும் அதுக்கப்புறம் பல வருஷம் பாத்துப் பாத்து வந்தது. என்னைக் கேட்டா மொத்த புக்குலயும் முக்கியமான பக்கம் அந்த செத்துப்போன மரங்களப் பத்தினதுதான்.

பெர்மாகல்ச்சர உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான பில் மாலிசனோட பெரிய மேனுவல், 1988ல வந்தது, அதையும் இப்படித்தான் அரைகுறையாப் புரிஞ்சுக்கறாங்க. ஐந்நூறு பக்கத்துக்கு மேல, படம் நிறைய, அதனால எல்லாரும் படத்தப் பாத்துட்டு சம உயரக் கோட்டுல ஸ்வேல், அதாவது மழைத்தண்ணி தேக்குற நீளக் குழி, தோண்டக் கிளம்பிடறாங்க. தண்ணிய நிறுத்தி மண்ணுக்குள்ள இறக்கத்தான் ஸ்வேல், ஏற்கனவே தண்ணி தேங்குற களிமண்ணுல தோண்டினா வேர் அழுகும், செங்குத்தான சரிவுல தோண்டினா மண்ணே சரிஞ்சு வரலாம். ஈரமான வெப்பப் பகுதிக்கு ஒரு அத்தியாயம், வறண்ட பகுதிக்கு ஒண்ணு, குளிர்ப் பகுதிக்கு ஒண்ணுன்னு அவரு தனித்தனியா பிரிச்சுத்தான் எழுதியிருக்காரு, அத சொல்லாம விட்டுட்டீங்க. தன் ஊருக்கான அத்தியாயம் எதுன்னு கண்டுபிடிச்சுட்டு மத்தத அப்புறம் படிக்கலாம்னு ஒரு வரி போட்டிருந்தா எத்தனையோ பேருக்கு முதுகுவலி மிச்சம்.

அமெரிக்க எழுத்தாளர் தோரோவோட 'வால்டன்' பத்தியும் ஒண்ணு சொல்லணும். ரெண்டு வருஷம் ரெண்டு மாசம் ரெண்டு நாள் தனியா காட்டுல வாழ்ந்தாருன்னு எழுதியிருக்கீங்க, சரிதான். ஆனா நிலம் அவரோட நண்பர், எழுத்தாளர் எமர்சனோடது. வீடு கட்ட ஆரம்பிச்சதே இரவல் கோடாலியில, அத அவரே ஒளிக்காம எழுதியிருக்காரு, வாங்கினப்போ இருந்தத விட கூரா திருப்பிக் குடுத்தேன்னு வேற சொல்றாரு. அவரைக்காய்க் கணக்கக் கூட அரை சென்ட் வரைக்கும் எழுதி வச்சிருக்காரு, செலவு 14 டாலர் 72½ சென்ட், வரவு 23 டாலர் 44 சென்ட். தற்சார்புன்னா யாரையும் சாராம இருக்கறதுன்னு இந்த புக்க வச்சு சொல்றவங்க அந்தப் பக்கத்த எல்லாம் தாண்டிப் போயிட்டாங்க போல.

அதே காலத்துல, அதே வட்டாரத்துல, 1843 ஜூன்ல ஃப்ரூட்லேண்ட்ஸ்னு ஒரு கூட்டு வாழ்க்கை ஆரம்பிச்சுது, மாட்ட வச்சு உழக் கூடாது, பால் கூடாதுன்னு பெரிய பெரிய கொள்கை. ஏழே மாசம், ஜனவரியில முடிஞ்சுது. தானியம் அறுத்துக் கிடக்குற நேரத்துல ஆம்பளைங்க பூரா தத்துவம் பேச வெளியூர் போயிட்டாங்க, புயல் வருது, அந்த வீட்டம்மா சின்னப் பிள்ளைங்கள வச்சுகிட்டு துணிக்கூடையிலயும் படுக்கை விரிப்புலயும் அள்ளி அள்ளி உள்ள சேத்தாங்க. அந்தப் பிள்ளைங்கள்ல ஒருத்தி பின்னாடி எழுத்தாளர் ஆன லூயிசா மே ஆல்காட், அப்போ பத்து வயசு, முப்பது வருஷம் கழிச்சு 1873ல கேலியா ஒரு கதையா எழுதித் தீத்துகிட்டாங்க. சின்னக் கதைதான், ஒரே மூச்சுல படிச்சுடலாம். கூட்டா நிலம் வாங்கப் போறோம்னு யாராவது சொன்னா நான் முதல்ல இததான் குடுக்கறேன், அதுலயும் ஆம்பளைங்களுக்கு.

காந்தியப் பொருளாதார அறிஞர் குமரப்பாவ எப்படி சார் விட்டீங்க? ஜெயில்ல உக்காந்து எழுதி 1945ல வந்த 'எகானமி ஆஃப் பெர்மனன்ஸ்', பெர்மாகல்ச்சர்ங்கற வார்த்தை புழக்கத்துக்கு வர்றதுக்கு முப்பது வருஷத்துக்கு மேல முன்னாடி. அடிச்சுத் தின்னுற புலி, தோப்புல பழத்தப் பறிச்சுட்டுப் போற குரங்கு, கூடு கட்டுற பறவை, கூட்டுக்காக சேக்குற தேனீ, குஞ்சுக்கு ஊட்டுற தாய்ப்பறவைன்னு அஞ்சு விதமா பொருளாதாரத்தப் பிரிச்சுக் காட்டுவாரு. எங்க ஆறு குடும்பமும் தேனீன்னு நினைச்சுகிட்டுதான் போனோம், சருகு அள்ள ஆள் இல்லாதப்போதான் குரங்கு எத்தனைன்னு தெரிஞ்சுது, என்னையும் சேத்துதான் சொல்றேன்.

அடுத்த இதழ்ல இடம் இருந்தா ஆஸ்ட்ரம், கிறிஸ்டியன், ஆல்காட் கதை, குமரப்பா, இந்த நாலையும் சேத்துப் போடுங்க. அந்த நிலத்துல இப்பவும் ரெண்டு குடும்பம் இருக்கு. அவங்க முள்ளுக் கரண்டி ஒண்ணு என் வீட்டுலதான் கிடக்கு, கிளம்பற அவசரத்துல என் சாமானோட வந்துடுச்சு, ஒரு பல்லு வளைஞ்சிருக்கு. நிமித்திட்டு இந்த மாசம் கொண்டுபோய் குடுக்கணும்.

இப்படிக்கு,
பழைய வாசகர் ஒருத்தர்