நீர்மூழ்கி மாதிரிக்கு ஃபைபர் கூடு: ஊர் மக்களுக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் கட்டிவரும், ரேடியோ ரிமோட்டில் ஓடும் நீர்மூழ்கிக் கப்பல் மாதிரி, பணம் இல்லாமல் நூலகத்துக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் நின்றுபோயிருக்கிறது. மரத்தில் இழைத்த மூல உருவம் தயார். அதன்மேல் கண்ணாடியிழை ஃபைபரில் அச்சு எடுத்து, அந்த அச்சிலிருந்து கூடு வார்க்க வேண்டும். ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் தகரக் கொட்டகையில் ரெசின் (ஃபைபரை இறுக்கும் பிசின்) வேலை ஓடாது. ஈரக்காற்றில் அது சரியாக இறுகாமல் பிசுபிசுவென்றே கிடக்கும். ஆகவே புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமைக்குள் பணம் சேர்ந்தாக வேண்டும்.

கடலே இல்லாத ஊருக்கு நீர்மூழ்கி எதற்கு என்று டீக்கடையில் கேட்கிறார்கள். கேட்பவர்கள் ஒருமுறை வேலூர் லாங்கு பஜார் மணிக்கூண்டு வரை போய், அங்கே பதித்திருக்கும் கல்வெட்டைப் படித்துவிட்டு வரட்டும். முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று அதில் வெட்டியிருக்கிறது. 1806 ஜூலை 10 அன்று கோட்டைக்குள் சிப்பாய்கள் துப்பாக்கி தூக்கியதை நம் பெரியவர்கள் இன்றைக்கும் தங்கள் வீட்டு விஷயம் போலத்தான் சொல்வார்கள். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே கூப்பிடுகிற மாவட்டம் இது. பட்டாளத்துப் பென்ஷன் வராத தெரு நம் ஊரிலும் கிடையாது.

அப்படி நம் ஊரிலிருந்து படைக்குப் போனவர்களில் ஒருவர் கடற்படையில் சேர்ந்து, நீர்மூழ்கியிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்தியாவின் முதல் நீர்மூழ்கியான ஐ.என்.எஸ். கல்வாரி 1967 டிசம்பர் 8 அன்று படையில் சேர்ந்தது. அதே வகையைச் சேர்ந்த குர்சுராதான் இப்போது விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. பிள்ளைகள் காட்பாடியில் ரயில் ஏறிப் போய்ப் பார்த்து, படம் எடுத்து வந்து, சுமார் 91 மீட்டர் நீளக் கப்பலை அறுபதில் ஒரு பங்காக்கி, ஐந்தடி மாதிரிக்கு வரைபடம் போட்டார்கள். மூல உருவம் முடிந்த அன்று அந்தக் கடற்படைப் பெரியவர் வந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மூக்கிலிருந்து வால் வரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். முன்பக்கம் சோனார் (ஒலியால் வேவு பார்க்கும் கருவி) மேட்டில் கையை நிறுத்தி, “இது நகக்கண் அளவு தாழ்ந்திருக்கு, பட்டி வெச்சு ஏத்துங்கடா” என்றார். மறுபடி பட்டி பார்த்து, வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து, மெழுகு ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

நாலு அங்குல பி.வி.சி. பைப்பில் முடிக்கக்கூடாதா என்றும் கேட்கிறார்கள். பைப் நெடுக ஒரே பருமன். இந்தக் கப்பலோ இரண்டு முனையிலும் ஒடுங்கும். தவிர, அச்சு ஒன்று இருந்தால் பக்கத்துப் பள்ளிகளுக்கும் கூடு வார்த்துக் கொடுக்கலாம். வெறும் ஒரு கப்பலுக்காக மட்டும் நாங்கள் உங்கள் வாசலில் நிற்கவில்லை.

கூட்டில் ஓட்டைகள் இருக்கும், உள்ளே தண்ணீர் புகும், புகத்தான் வேண்டும். மோட்டார், பேட்டரி எல்லாம் உள்ளே தனி அக்ரிலிக் குழாயில், ஓ-ரிங் (ரப்பர் வளையம்) போட்டு நனையாமல் இருக்கும். மூழ்கவும் எழும்பவும் தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளும் பம்பு வேண்டும். சிக்னல் அறுந்தால் கப்பலைத் தானாக மேலே கொண்டுவரும் கருவியும் வேண்டும். அது இல்லாமல் ஏரியில் விட்டால் மொத்தப் பணமும் சேற்றில்தான்.

கணக்கு இதுதான். மொத்தச் செலவு ரூ. 68,490. இதுவரை வந்தது ரூ. 41,250. அதில் ரேடியோ செட்டுக்கு 18,500, குழாய்க்கும் லேத் வேலைக்கும் 9,500, மோட்டார், சுக்கானைத் திருப்பும் சர்வோ வகையறாவுக்கு 11,000 போக, கையிருப்பு 2,250. டிரோன் ரிமோட்டே போதுமே என்றார் ஒருவர். அந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தண்ணீருக்குள் சில அங்குலத்திலேயே செத்துவிடும். அதனால்தான் தண்ணீருக்குள்ளும் இறங்கும் 27 மெகாஹெர்ட்ஸ் செட். இனி வேண்டியது: ரெசின், மேட் (ஃபைபர் விரிப்பு), ஜெல்கோட் (மேல்பூச்சு), ரெசினை இறுகவைக்கும் ஹார்ட்னர், கையுறை, முகமூடி எல்லாம் சேர்த்து 7,290. பம்பும் பாதுகாப்புக் கருவியும் 12,600. பேட்டரி, சார்ஜர் 6,200. பெயின்ட் 3,400. கையிருப்பைக் கழித்தால் பற்றாக்குறை ரூ. 27,240. முதல் 5,040 வந்த அன்றே, கையிருப்போடு சேர்த்து, ரெசின் வாங்கிவிடுவோம். நம் ஊர் வெயிலில் ஹார்ட்னர் ஒரு சொட்டு கூடினாலும் மக்கில் இருக்கும்போதே பதம் தப்பிய பாகு போல இறுகிவிடுகிறது. ஆகவே காலை எட்டு மணிக்கு முன் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துதான் வேலை. நாள் பிடிக்கும்.

கொடுத்தவர்களை மறக்க முடியாது. ஹவில்தாராக இருந்து காலமானவரின் துணைவியார், “அவர் இருந்தா அவரே வந்து குடுத்திருப்பார்” என்று பென்ஷனிலிருந்து 5,000 தந்தார். முன்னாள் படைவீரர்கள் சேர்ந்து 10,000. பீடி சுற்றும் சகோதரிகள் பத்தும் இருபதுமாகச் சேர்த்து 3,260 ரூபாயைச் சுருக்குப் பையோடு கொண்டுவந்தார்கள். எண்ணி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. ஆசாரி தேக்கும் கொடுத்துக் கூலியும் வேண்டாம் என்றார். ராணிப்பேட்டை தோல் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் தம்பிகள் ஞாயிறுதோறும் வந்து உப்புத்தாள் போட்டார்கள். அன்றெல்லாம் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க் குழம்போடு சோறு போட்ட அக்காவுக்கு என்ன கைமாறு செய்வோம்? மாரியம்மன் எல்லாரையும் குறைவில்லாமல் வைக்கட்டும்.

மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. முதல் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துத் தொகை சொன்னவர்களில் சிலர் இன்னும் கட்டவில்லை. பெயர் போட மாட்டோம். ஆனால் நோட்டில் இருக்கிறது, பிள்ளைகளும் அந்த நோட்டைப் படிக்கிறார்கள். கல்யாணத்துக்கு நாலு ஃபிளெக்ஸ் வைக்கிற வீட்டில் ஒரு ஃபிளெக்ஸ் குறைந்தால் மரியாதை போய்விடாது. கோயிலுக்குக் கொடுத்தாயிற்றே என்பவர்களுக்கு: தெப்பத்துக்குக் கொடுத்த கைதானே, இதுவும் தண்ணீரில் இறங்கப்போவதுதான்.

டிசம்பர் 8, நீர்மூழ்கி தினத்தன்று ஏரியில் இறக்க எண்ணம். முதல் ஓட்டத்துக்கு ரிமோட்டைக் கையில் எடுப்பவர் கடற்படைப் பெரியவர்.

பணத்தைப் பொருளாளரிடம் நேரில் கொடுக்கலாம். மாலை ஆறு மணிக்குமேல் நூலக வாசலில் இருப்பார். வெளியூரில், வெளிநாட்டில் இருப்பவர்கள் வீட்டார் மூலம் அனுப்பலாம். ரெசின், மேட் என்று பொருளாகத் தருவதானால் முன்கூட்டியே சொல்லுங்கள், பழைய ஹார்ட்னர் வேண்டாம். எண் போட்ட ரசீது இல்லாமல் யாரிடமும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
நீர்மூழ்கி மாதிரிக் கட்டுமானக் குழுவினர்