வாய்க்கால் கரை நொச்சியை விட்டுவையுங்கள்

காவிரி டெல்டாவில் தூர்வாரும் பணியைக் கவனிக்கும் பொறியாளர்களுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் வணக்கம்.

ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறப்பதற்குள் வேலையை முடித்தாக வேண்டிய நெருக்கடி உங்களுக்கு. தூர்வாராவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் ஏறாது. வண்டலை அள்ளுங்கள்; வெங்காயத்தாமரையையும் நெய்வேலிக் காட்டாமணக்கையும் வேரோடு எடுங்கள். ஆனால் பொக்லைன் கரையேறும்போது நொச்சியும் ஆடாதொடையும் வேம்பும் அதே வாரலில் போய்விடுகின்றன. குத்தகைக்கு உழுபவருக்கு மரம் வைக்கச் சொந்த வரப்பு கிடையாது. பூச்சிவிரட்டிக்கு அவர் இலை பறிக்கும் இடம் அந்தக் கரைதான்.

ஆடு கடிக்காத இலை, ஒடித்தால் பால் வடியும் இலை, கசக்கும் இலை என்று பார்த்துப் பறித்து, இடித்து, கோமியத்தில் ஊறவைத்துத் தெளிக்கிறோம். வேப்பங்கொட்டைச் சாறு என்றால் ஏக்கருக்கு 10 கிலோ பருப்பு. இடித்து இரவு முழுவதும் ஊறவைத்து, வடிகட்டி, 200 லிட்டராக்கி, சோப்புக் கரைசல் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு அடிக்க வேண்டும். வெயில் பட்டால் வீரியம் போய்விடும். இலைச்சுருட்டுப் புழு தலைகாட்டும்போதே அடித்தால் புழு இலையைத் தின்னாது, தோலுரிக்கவும் முடியாது. நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சி வயலைத் திட்டுத்திட்டாகக் கருக்கிய பிறகு இதை நம்ப முடியாது, உண்மைதான். ஆனால் அந்தப் புகையானைத் தின்னும் சிலந்தியையும் மிரிட் நாவாய்ப் பூச்சியையும் கொன்று, அதைப் பெருக விடுவது செயற்கைப் பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லிகள்தாம்.

வேம்பு பழம் உதிர்ப்பது ஆனியிலும் ஆடியிலும். வைகாசியில் வெட்டினால் காயோடு சாய்கிறது. கொட்டை பொறுக்கி விற்கும் நிலமற்ற பெண்களுக்கு அந்த வருமானம் போயிற்று.

ஒரு கரையில் நின்றே இயந்திரம் வேலை செய்யக்கூடிய இடங்களில் மறுகரையைத் தொடாதீர்கள். இரு கரையும் தேவையென்றால் ஊருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். நடுவதற்கான கிளைத்துண்டுகளாக நொச்சிப் போத்துகளை வெட்டி வைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் நாங்களே நட்டுவிடுகிறோம். ஈர மண்ணில் எளிதாக வேர்பிடிக்கும், கரை சரியாமலும் காக்கும். நொச்சி, ஆடாதொடைக் கன்றுகளை விவசாயிகளுக்கு வழங்க அரசே திட்டம் வைத்திருக்கும்போது, தானாக முளைத்து நிற்பதைப் பிடுங்குவானேன்? வரும் கோடைக்கான ஒப்பந்தப் புள்ளி கோரும் முன் இந்த நிபந்தனையை அதில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
திருவாரூர் மாவட்டக் குத்தகை விவசாயி ஒருவர்