பச்சைப் பெடல் திரும்பி வருகிறது

அன்புள்ள மாப்ளே,

நீ அனுப்பிய பார்சல் போன மாதமே வந்துவிட்டது. வேலையை முடித்துவிட்டு எழுதலாம் என்று இருந்ததில் பதில் போட இவ்வளவு நாள் ஆகிவிட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று தங்கச்சி போனில் சொன்னாள், மனசுக்கு நிம்மதியாக இருந்தது. இன்னும் கொஞ்ச நாளைக்கு அம்மாவை அடுப்புப் பக்கம் விடாதே, சொன்னால் கேட்கமாட்டார்கள் என்று எனக்கும் தெரியும், இருந்தாலும் சொல்லிப் பார்.

பார்சலைப் பிரித்து, கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்குகிற அந்தப் பச்சைப் பெடலைக் கையில் எடுத்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஹாஸ்டலில் உன் கட்டிலுக்கு அடியில் கிடந்த அதே பெடல், அடியில் நீ உன் ரூம் நம்பரை எழுதி ஒட்டிய டேப் கூட இன்னும் உரியவில்லை. அந்த நாலு வருடத்தில் எத்தனை கல்ச்சுரல்ஸ், எத்தனை பழைய ஆம்ப், அத்தனைக்கும் அது ஈடுகொடுத்தது.

உன் பொண்ணு, என் மருமகள், பரணிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து கேட்கிறாள், வேலை செய்யவில்லை, தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கிக் கொடுத்துவிடட்டுமா என்று எழுதியிருந்தாய். வேண்டாம். அதில் கெட்டுப்போனது சட்டை மட்டும்தான், உடம்பு நன்றாகவே இருக்கிறது. மிதிக்கிற மூடியைத் தாங்கும் ப்ளாஸ்டிக் ஊசி முறிந்திருக்கிறது. கேபிள் சொருகுகிற ஜாக் இரண்டும் போர்டின் மேலேயே சால்டர் செய்தவை, கேபிளை இழுத்த இழுப்பெல்லாம் நேராகப் போர்டில்தான் விழும், அதனால் அவற்றின் காலடியில் ஈயம் வட்டமாக வெடித்திருந்தது. உள்ளே மறந்துவிட்ட 9 வோல்ட் பேட்டரி கசிந்து கிளிப் முழுக்க வெள்ளையாகப் பூத்துப்போயிருந்தது. அவ்வளவுதான். கிளிப்பை வெட்டி எறிந்து, ஜாக்கின் கால்களில் புது ஈயம் வைத்து ஆம்பில் போட்டேன், பழைய சத்தம் அப்படியே வந்தது.

விலை குறைந்த பெடல்களை இத்தனை வருடமாகப் பிரித்துப் பார்த்ததில் எனக்கு உறுதியாகப் பட்டது இது: விலை உயர்ந்த பெடலில் நாம் கூடுதலாகக் கொடுக்கிற காசில் பெரும் பங்கு பெட்டிக்கும் ஸ்விட்சுக்கும் ஜாக்குக்கும் போகிறது, சத்தத்துக்குப் போவது கொஞ்சம்தான். உன் பெடலையே எடுத்துக்கொள். சர்க்யூட், ஐபனீஸ் கம்பெனியின் ட்யூப் ஸ்க்ரீமர் என்ற பெயர்பெற்ற பெடலின் நகல். சுசுமு டமுரா என்ற ஜப்பானியர் வடிவமைத்தது, டி.எஸ். 808 என்று 1979-ல் வந்தது, 1982-ல் டி.எஸ். 9 ஆனது. அந்த இரண்டுக்கும் நடுவில் சர்க்யூட்டில் மாறியது கடைசியில் நிற்கும் இரண்டு ரெசிஸ்டர் மட்டும்தான், 808-ல் 100 ஓம், 10 கிலோ ஓம், 9-ல் 470 ஓம், 100 கிலோ ஓம். உன் போர்டில் லென்ஸ் வைத்துப் பார்த்தேன், 808-ன் மதிப்புகள்தான் இருக்கின்றன. எல்லாம் அரிசிக் குருணை மாதிரி எஸ்.எம்.டி. பாகங்கள், ஆனால் மின்சாரத்துக்குப் பாகத்தின் அளவா தெரியப்போகிறது?

சிக்னலைப் பெருக்குகிற சிப்பை மாற்றலாமே, ஜே.ஆர்.சி. 4558 போட்டால் சத்தம் வேறாகிவிடும் என்பார்களே என்று நீ கேட்பாய். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் அந்தச் சிப்புக்காக நரசிங்கபுரம் தெரு முழுக்க உன்னோடு அலைந்தது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்னால் இதற்கு ஒரு முடிவு கட்டினேன். இதே சர்க்யூட் உள்ள வேறு ஒரு பெடலில் ஐ.சி. சாக்கெட் வைத்து, 4558 ஒன்று, டி.எல். 072 ஒன்று, உங்க அக்காவை எனக்குத் தெரியாமல் மாற்றி மாற்றிப் போடச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு ஒரே ரிஃபை வாசித்தேன். பத்துத் தடவையில் ஐந்தைச் சரியாகச் சொன்னேன், பூவா தலையா போட்டிருந்தாலும் அதுதான் வந்திருக்கும். அதற்குப் பிறகு சிப்புக்காக நான் எந்தப் போர்டையும் சூடாக்குவதில்லை.

காதுக்கு உண்மையிலேயே தெரிகிற மாற்றம் கெப்பாசிட்டரில் இருக்கிறது. ட்யூப் ஸ்க்ரீமரில் முதல் கட்டத்தில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 0.047 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரும் சேர்ந்து தரைக்கு, அதாவது கிரவுண்டுக்கு, போகின்றன. கணக்குப் போட்டால் 720 ஹெர்ட்ஸ் வருகிறது. அதற்குக் கீழே போகப் போக அந்தக் கட்டம் கொடுக்கிற பெருக்கம் குறைந்துகொண்டே வரும். கிட்டாரின் அடி ஈ கம்பி 82 ஹெர்ட்ஸ், அதனால்தான் இந்தப் பெடலைப் போட்டதும் அடிச் சத்தம் மெலிந்து நடுப்பகுதி மட்டும் மூக்கை நீட்டுகிறது. பேண்டில் இது வரம். பேஸ் கிட்டார்க்காரர் அடியில் நிற்கிறார், நாம் நடுவில் நிற்கலாம், நீ ஸோலோ போட்டபோது கூட்டத்தில் கடைசி வரிசை வரை கேட்டதற்கு அதுதான் காரணம். ஆனால் மருமகள் தனியாக, ரூமில், சின்ன ஆம்பில் வாசிக்கப் போகிறாள். அங்கே அது தகர டப்பா மாதிரிதான் இருக்கும்.

அதனால் அந்தக் கெப்பாசிட்டரைப் பிடுங்காமல், அதே மதிப்பில் இன்னொன்றை அதற்கு இணையாக ஒரு சின்ன டாகிள் ஸ்விட்ச் வழியாகச் சேர்த்துவிட்டேன். இரண்டும் சேர்ந்தால் 0.094, அப்போது எல்லை 360 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். ஸ்விட்ச் மேலே இருந்தால் பழைய சத்தம், கீழே தள்ளினால் அடி நிறைந்து வரும். முதலில் மாற்றும்போதெல்லாம் ஆம்பில் டப் என்று அடித்தது. காலியாக இருக்கிற கெப்பாசிட்டர் திடீரென்று நாலரை வோல்ட்டுக்கு நிரம்புவதால் வருகிற சத்தம் அது. ஸ்விட்சின் இரண்டு காலுக்கும் குறுக்கே 1 மெகா ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டதும் அது எப்போதும் நிரம்பியே இருக்கிறது, சத்தம் அடங்கிவிட்டது. சத்த அலையின் உச்சியை வெட்டிக் கரகரப்பாக்குகிற டயோடுகளைத் தொடவில்லை. ஒரு பக்கம் ஒன்று கூடுதலாகப் போட்டு, 1981-ல் வந்த பாஸ் கம்பெனியின் எஸ்.டி. 1 பெடல் மாதிரி இரண்டு பக்கமும் சமமில்லாமல் வெட்ட வைக்கலாம், அதுவும் அழகான சத்தம்தான். ஆனால் மருமகள் முதலில் இதைக் கேட்டுப் பழகட்டும்.

உலோகப் பெட்டிக்கு மாற்றுவதற்காகப் போர்டைப் பழைய ப்ளாஸ்டிக் சட்டையிலிருந்து பிரிக்கும்போது ஒரு தப்பு செய்துவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். கரகரப்பைக் கூட்டிக் குறைக்கிற டிரைவ் கண்ட்ரோலின் மூன்று கால்களில் நடுக்காலில் ஈயம் முழுக்க இளகுவதற்கு முன்பே இழுத்துவிட்டேன். காலோடு சேர்ந்து செம்பு வளையமும் வந்துவிட்டது, நகத்தைச் சுற்றித் தோல் உரியுமே அப்படி. ஒரு நிமிடம் வயிற்றைக் கலக்கியது, உன் பெடல் ஆயிற்றே. அப்புறம் லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு அந்தச் செம்புக் கோடு எங்கே போகிறது என்று தேடினேன். பக்கத்தில் இருந்த ஒரு ரெசிஸ்டரில் போய் முடிந்தது. பிளேடு முனையால் பச்சைப் பூச்சைக் கடுகளவு சுரண்டி, செம்பு மின்னியதும், வயரிலிருந்து ஒரே ஒரு இழையைப் பிரித்து அங்கே ஈயம் வைத்து, மேலே ஒரு சொட்டுப் பசை விட்டேன். இனி அது வராது. ஆனால் நீ எப்போதாவது இந்த மாதிரி வேலையில் இறங்கினால், பழைய ஈயத்தை எடுப்பதற்கு முன்னால் கொஞ்சம் புது ஈயம் வைத்துக் கலக்கிக்கொள், சீக்கிரம் இளகும், இழுக்கவே தேவைப்படாது.

புதுப் பெட்டி வார்ப்பு அலுமினியம், 125பி என்று கேட்டால் கொடுக்கிற அளவு, ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் நீளம், ஆறரை அகலம், 4 உயரம். 1590பி இன்னும் சின்னது, உன் போர்டு அதில் உட்காரவில்லை. துளை போடுவதைக் கோவை கணபதியில் எனக்குப் பழக்கமான லேத் பட்டறையில் உட்கார்ந்து செய்தேன். மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் மேல் பென்சிலால் குறித்து, சென்டர் பஞ்சால் ஒரு தட்டு, முதலில் 3 மி.மீ. துளை, அப்புறம் ஸ்டெப் டிரில். கண்ட்ரோல்களுக்கு 7 மி.மீ., ஜாக்குக்கு 9.5, ஃபுட் ஸ்விட்சுக்கு 12. அலுமினியம் பிட்டில் ஒட்டிக்கொண்டு சிணுங்கியபோது பட்டறைக்கார அண்ணன் ஒன்றும் சொல்லாமல் ஒரு மூடியில் மண்ணெண்ணெயை ஊற்றி என் பக்கம் நகர்த்தினார். ஒரு சொட்டு விட்டதும் பிட் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது, சீவல் சுருள் சுருளாக வந்தது. பிசிறை அரத்தால் எடுத்துவிட்டேன், மருமகள் விரலில் கிழிக்காது.

ஃபுட் ஸ்விட்ச் விஷயத்தில்தான் நீ என்னோடு சண்டைக்கு வருவாய். எல்லாரும் ஒன்பது கால் ஸ்விட்ச் போட்டு ட்ரூ பைபாஸ் ஆக்கிவிடுவார்கள், அணைத்தால் சிக்னல் சர்க்யூட்டைத் தொடாமலே போய்விடும், நான் ஆக்கவில்லை. பழைய போர்டில் இருந்த மின்னணு ஸ்விட்சிங்கை அப்படியே வைத்துக்கொண்டு, போர்டில் இருந்த குட்டிப் பொத்தானின் இரண்டு கால்களிலிருந்து இரண்டு வயர் மட்டும் இழுத்து, அழுத்திவிட்டால் திரும்பி வருகிற ஸ்விட்ச் ஒன்றில் கொடுத்திருக்கிறேன். காரணம் இருக்கிறது. கிட்டார் கேபிள் ஒரு மீட்டருக்குச் சுமார் 100 பிகோ ஃபாரட் கெப்பாசிட்டர் மாதிரி நடந்துகொள்ளும். நீளமான கேபிள் போட்டால் கிட்டாரின் மேல் சத்தத்தை அது தின்றுவிடும். இந்தப் பெடலில் சிக்னலுக்குத் தெம்பு கொடுக்கிற பஃபர் என்ற கட்டம், அணைத்து வைத்திருக்கும்போதும் அதைத் தடுக்கிறது. இருக்கிற நல்ல விஷயத்தை ஏன் வெட்டி எறிய வேண்டும்?

எல்லாம் முடித்து, மூடியைத் திறந்து வைத்தே வாசித்துப் பார்த்தேன், அருமை. நாலு ஸ்க்ரூவையும் முடுக்கினேன், சத்தமே இல்லை. திறந்தால் வருகிறது, மூடினால் செத்துவிடுகிறது. ராத்திரி 11 மணி வரை மல்டிமீட்டரோடு உட்கார்ந்து கடைசியில் கண்டுபிடித்தேன். கேபிளைச் சொருகும்போது ஜாக்கின் முனைத் தகடு வெளிப்பக்கம் வளைகிறது, மூடி போட்டதும் அதன் விளிம்பு அந்தத் தகட்டைத் தொட்டு, சிக்னலைத் தரையோடு சேர்த்துவிடுகிறது. ஜாக்கைக் கால் சுற்றுத் திருப்பினேன், சரியாகிவிட்டது. பழைய ப்ளாஸ்டிக் ஃபைல் அட்டையைப் போர்டு அளவுக்கு வெட்டி அடியிலும் விரித்திருக்கிறேன். வயரெல்லாம் பல இழை உள்ளது. லேன் கேபிளைப் பிரித்து எடுத்த ஒற்றைக் கம்பி வயரைப் போட்டால் இரண்டு தடவை வளைத்ததும் முறிந்துவிடும்.

உலோகப் பெட்டிக்கு வந்ததும் இன்னொரு நன்மை. ப்ளாஸ்டிக்கில் இருந்தபோது ட்யூப் லைட் பக்கம் கொண்டுபோனால் உர்ர் என்று உறுமும், ஞாபகம் இருக்கிறதா? பெட்டி தரையோடு சேர்ந்திருப்பதால் இப்போது போர்டு அதை வாங்குவதில்லை. உன் கிட்டாரில் கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற சிங்கிள் காயில் பிக்கப் இழுத்துக்கொண்டு வருகிற இரைச்சல் மட்டும் இருக்கத்தான் செய்யும், அதற்குப் பெடல் ஒன்றும் செய்ய முடியாது.

இப்போது முக்கியமான விஷயம், மருமகளிடம் கட்டாயம் சொல். அடாப்டர் 9 வோல்ட் டி.சி., நடு முனை மைனஸ். வீட்டில் கிடக்கிற மோடம் அடாப்டர், பொம்மை அடாப்டர் எல்லாம் பெரும்பாலும் நடு முனை ப்ளஸ்தான், முனை பொருந்துகிறது என்று சொருகிவிடுவார்கள். தப்பாகப் போட்டாலும் எரியாமல் இருக்க 1என்5817 டயோடு ஒன்று வைத்திருக்கிறேன், இருந்தாலும் அடாப்டர் மேல் போட்டிருக்கிற படத்தைப் பார்த்துவிட்டே சொருகச் சொல். பேட்டரிக்கு இடம் விடவில்லை, கசிந்ததைப் பார்த்த பிறகு மனசு வரவில்லை.

ஆரம்பத்தில் டிரைவைக் கடிகாரத்தில் 9 மணி இருக்கிற இடத்திலும், லெவலை 3 மணியிலும் வைக்கட்டும், டோன் நடுவில். அவள் மெதுவாக வருடினால் சத்தம் சுத்தமாக இருக்கும், அழுத்தி அடித்தால் கடித்துக்கொண்டு வரும். டிரைவை முழுக்கத் திருகுவதை விட இதில்தான் கை பழகும், நீயும் நானும் இதைக் கண்டுபிடிக்க மூன்று வருடம் ஆனது.

இங்கே எல்லாரும் நலம். பையன் பிளஸ் டூ, வீட்டில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஆம்ப் போடக் கூடாது என்று சட்டம், அதனால் காலையில் எழுந்து வாசிக்கிறேன். தை மாதம் திருச்சிப் பக்கம் ஒரு கல்யாணம் இருக்கிறது, வந்தால் உன் வீட்டில்தான் சாப்பாடு.

பெட்டிக்குப் பெயிண்ட் அடிக்காமல் வெறும் அலுமினியமாகவே அனுப்புகிறேன். 400 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து வைத்திருக்கிறேன், ப்ரைமர் அடித்தால் பிடித்துக்கொள்ளும். பச்சை வேண்டுமா வேறு நிறமா என்பதை மருமகளே முடிவு செய்யட்டும், மேலே அவளே ஏதாவது வரையட்டும். குமிழ்களைக் கழற்றப் பக்கவாட்டில் இருக்கிற குட்டி ஸ்க்ரூவைத் தளர்த்தினால் போதும், துளைகளில் டேப் ஒட்டிவிட்டு அடிக்கச் சொல். உன் ரூம் நம்பர் எழுதிய அந்த டேப்பைப் பழைய சட்டையிலிருந்து பத்திரமாக உரித்து, புது மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். திறந்து பார்த்தால் தெரியும்.

அன்புடன்,
உன் மச்சான்