அது சார்ஜர் செருகும் ஓட்டை இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் செட்டிநாட்டு வீடுகளில் நிற்கும் பழைய கார்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள், படங்கள் அருமை. ஆனால் ஓரத்தில் ஒரு பெட்டிச் செய்தி. கார் டேஷ்போர்டில் இருக்கும் சிகரெட் லைட்டர் இனி யாருக்கும் வேண்டாத பொருள், குமிழைக் கழற்றி எறிந்துவிட்டு அந்த ஓட்டையில் செல்போன் சார்ஜரைச் செருகிக்கொள்ளலாம் என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டீர்கள். நான் அதைச் செய்து பார்த்தவன், அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் ஐயா (தாத்தா) வாங்கிய 1956 மாடல் மாரிஸ் மைனர் இன்னும் கானாடுகாத்தான் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது, கல்யாணம் காட்சி என்றால் வெளியே வரும். லைட்டர் கார் கம்பெனி கொடுத்ததில்லை, மதராஸில் யாரோ டேஷ்போர்டில் ஓட்டை போட்டு வைத்தது. ஐயாவுக்கு அது சுருட்டுக்கு. அப்பச்சி (அப்பா) புகைக்க மாட்டார், பிள்ளையார்பட்டிக்குப் போகிற அன்று ஊதுபத்தி கொளுத்த மட்டும் அதை அமுக்குவார். ஊதுபத்தியில் சுருட்டு நாற்றம் அடிக்கிறது என்று ஆத்தா ஒவ்வொரு முறையும் முகம் சுளிப்பார்.

இரண்டு வருடம் முன்பு நான் அதில் சார்ஜரைச் செருகினேன். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் எல்லாம் நேர்மாறு, பாட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியோடு சேர்ந்திருக்கும், சார்ஜருக்குக் கரண்ட் தலைகீழாகப் போகும். அது அப்போது எனக்குத் தெரியாது. முதல் சார்ஜர் செத்தது. சாமான் மட்டம் போல என்று இன்னொன்று வாங்கி, இறுக்கமாக இருக்கிறதே என்று அழுத்தித் திணித்தேன். குழியின் அடியில் குமிழைக் கவ்வுவதற்கென்று விரல்போல ஒரு கிளிப் உண்டு, கரண்ட் வருவதும் அதில்தான். சார்ஜர் முனை அதை வளைத்துச் சுவரில் முட்டவைத்துவிட்டது. வயர் இழுத்த புண்ணியவான் ஃபியூஸே போடவில்லை! டேஷ்போர்டுக்குப் பின்னால் துணி சுற்றிய பழைய வயர் புகைந்தது, நான் பானட்டைத் திறந்து பாட்டரி வயரைப் பிடுங்குவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது.

காரைக்குடி எலெக்ட்ரீசியன் தம்பி, "அண்ணே, இதைத் தூக்கிப் போட்டுட்டு புது சாக்கெட் வச்சிருவோம்" என்றார். எனக்கு மனசு வரவில்லை.

கழற்றிப் பார்த்தால் அதில் இருப்பது கொஞ்சம்தான். டைமர் கிடையாது, ஒன்றும் கிடையாது. குமிழை அமுக்கினால் கிளிப் கவ்விக்கொள்ளும், குமிழின் முனையிலுள்ள கம்பிச் சுருளில் 8, 10 ஆம்பியர் ஓடும், 12 வோல்ட்டுக்குச் சுமார் 100 வாட். சுருள் சிவக்கும்போது அந்தச் சூட்டில் கிளிப் விரிந்து பிடியை விடும், ஸ்பிரிங் டக்கென்று வெளியே தள்ளும். கிளிப் ஈருலோகத் தகடு, இரண்டு உலோகமும் சூட்டில் ஒரே அளவு நீளாததால் வளைகிறது, பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். என் வேலை, வளைந்த விரல்களை மூக்குக் குறடால் மயிரிழை மயிரிழையாக உள்ளே கொண்டுவருவது. அதிகம் நெருக்கினால் குமிழை விடவே விடாது, சுருள் எரிந்துபோகும். மூன்று தடவை கழற்றி மாட்டினேன். துருவை உப்புத்தாளால் தேய்த்தேன், பின்பக்க நட்டுக்கு அடியில் பெயிண்ட்டைச் சுரண்டினால்தான் பாடியோடு எர்த் கிடைத்தது.

சுருளும் அறுந்திருந்தது. ஈயப்பற்று வைக்கலாமே என்பார்கள், வைக்காதீர்கள், சுருள் சிவக்குமுன்பே ஈயம் உருகி ஓடிவிடும். வேறு குமிழ் தேடி காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடை கடையாக ஏறினேன். எனாமல் தூக்குகளுக்கு நடுவே ஒன்று கிடைத்தது, பேரம் பேசி வாங்கி வீட்டுக்கு வந்து துடைத்தால் விளிம்பில் 6 வோல்ட் என்று பொறித்திருக்கிறது. அதை 12 வோல்ட்டில் போட்டால் சூடு நாலு மடங்கு, ஒரு தடவைகூடத் தாங்காது. திரும்பப் போய், கடைக்காரரோடு சண்டை போடாமல், அவரையே பெட்டியைக் கவிழ்க்கச் சொல்லி 12 வோல்ட் குமிழைக் கண்டுபிடித்தோம்.

வயரைப் புதிதாக இழுத்து 15 ஆம்பியர் ஃபியூஸ் போட்டிருக்கிறேன். இப்போது அமுக்கினால் பதினைந்து எண்ணுவதற்குள் குதிக்கிறது. செல்போனுக்குத் தனியாக ஒரு பவர்பேங்க்.

அடுத்த இணைப்பில் அந்தப் பெட்டிச் செய்திக்கு ஒரு திருத்தம் போடுங்கள். பாட்டரியில் எது பாடிக்குப் போகிறது, லைட்டருக்கு ஃபியூஸ் இருக்கிறதா, இந்த இரண்டையும் பார்க்காமல் பழைய காரில் எதையும் செருக வேண்டாம் என்று இரண்டு வரி போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கானாடுகாத்தான்