இனத்தை எழுதுகிறீர்கள், வேலையையும் எழுதுங்கள்

அரசு மருத்துவமனைகளிலும் கிளினிக்குகளிலும் பணிபுரிந்து, அபூர்வ நோய்களைப் பற்றி அறிக்கை எழுதும் இளம் டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள டாக்டர்மார்களே, வணக்கம்.

மலேசியாவின் பேராக்கில் இருக்கும் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். சுற்றிலும் ரப்பர் பால்மரமும் செம்பனையும் நிற்கிற ஊர். நான் தோட்ட ஆஸ்பத்திரியில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஜனங்களுக்கு 'டிரஸர்' என்றால்தான் தெரியும். ஆஸ்பத்திரியை மூடிப் பல வருடமாகிவிட்டது. ஆனாலும் பழைய ஆட்கள் கிளினிக் அட்டையையும் மாத்திரைப் பையையும் தூக்கிக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வருகிறார்கள். அதனால் படிப்பதை நிறுத்த முடியவில்லை. மருத்துவ இதழ்களில் நீங்கள் எழுதும் நோயாளர் அறிக்கைகளில் இலவசமாகக் கிடைப்பதை எல்லாம் படித்துவிடுவேன்.

நன்றாகத்தான் எழுதுகிறீர்கள். என் குறை அவற்றின் முதல் வரியில்தான். "54 வயது இந்திய ஆண், நீரிழிவு உள்ளவர், இரண்டு வாரக் காய்ச்சலோடு வந்தார்." பாதிக்கு மேல் இப்படித்தான் தொடங்குகின்றன. இனம் முதல் வரியிலேயே வந்துவிடுகிறது. அந்த மனிதர் என்ன வேலை செய்கிறார் என்பது கடைசிப் பக்கத்தில் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இந்தியருக்குச் சர்க்கரை அதிகம், அதனால் இனமும் தகவல்தான் என்பீர்கள். சரி. ஆனால் மண்ணிலிருக்கும் கிருமிக்கு இனம் தெரியாது. அது காலில் செருப்பு இருக்கிறதா, ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கிறதா என்றுதான் பார்க்கிறது.

மெலியாய்டோசிஸையே எடுத்துக்கொள்வோம். 1911இல் ரங்கூனில் ஆல்ஃபிரட் விட்மோரும் கிருஷ்ணசாமி என்ற உதவி சர்ஜனும் பிணப் பரிசோதனைகளில் கண்டுபிடித்த நோய் இது. விட்மோரின் பெயர் நோயோடு ஒட்டிக்கொண்டது. கிருஷ்ணசாமியை யாரும் நினைப்பதில்லை, அது வேறு கதை. இப்போது நாம் சொல்லும் பெயரை 1921இல் வைத்தவர்கள் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் இருந்த ஸ்டான்டனும் ஃபிளெட்சரும். அதாவது நம் நாட்டில் பெயர் வாங்கிய நோய். கிருமி ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது. வெட்டுக்காயம் வழியாகவும், மழைக்காற்றில் மூச்சோடும், குடிநீரோடும் உள்ளே போகிறது. நீரிழிவுதான் அதற்குப் பெரிய வாசல். சில சமயம் பல வருடம் உடம்பில் பதுங்கியிருந்துவிட்டு எழுந்து வரும். எக்ஸ்ரேயில் காசநோய் மாதிரியே தெரியும். கல்லீரலிலும் மண்ணீரலிலும் சீழ் கட்டும். பெனிசிலின் கேட்காது. சாதாரணக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் மருந்துகளில் பலவும் கேட்காது. செஃப்டாசிடிமோ மெரோபெனமோ குறைந்தது பத்துப் பதினான்கு நாள் நரம்பில் ஏற்றி, அப்புறம் மூன்று மாதமாவது கோட்ரிமாக்சசோல் மாத்திரை கொடுத்தால்தான் அடங்கும்.

இதையெல்லாம் உங்களுக்கு ஏன் சொல்கிறேன்? எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், ஒருவருக்கு இந்த நோய் வந்தது. காய்ச்சல், இருமல், உடம்பு பாதியாக இளைத்துவிட்டது. சளியில் காசநோய்க் கிருமி கிடைக்கவில்லை. இருந்தும் காசநோய் மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது. எந்த மருத்துவமனை என்பது இங்கே தேவையில்லை. அட்டையில் அவருடைய தொழில் 'ஓய்வு' என்று பதிந்திருந்தது. அது பொய்யும் இல்லை, தோட்டத்தில் ஓய்வு வாங்கிவிட்டார். ஆனால் தினமும் விடிந்ததும் வெறுங்காலோடு ஆட்டுக்குப் புல் அறுக்கப் போவார். மழைக்காலத்தில் கான்ட்ராக்டரிடம் கால்வாய் வெட்டுவார். இதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வயிற்றை ஸ்கேன் செய்தபோது மண்ணீரலில் சீழ் தெரிந்தது. அப்புறம்தான் ஒரு டாக்டரம்மா, "ஐயா, காலையில எழுந்ததும் எங்க போவீங்க?" என்று தமிழில் கேட்டார். மறுநாளே மருந்து மாறியது. ஆள் பிழைத்துவிட்டார்.

"என்ன வேலை?" என்ற கேள்வி எங்கள் ஊரில் பாதிப் பேரிடம் பலிக்காது. தோட்டத்து வேலைக்கு இப்போது வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் நேப்பாளியரும் இருக்கிறார்கள். நம் ஆட்கள் டவுனுக்கு வந்து காவலாளி, லாரி அட்டெண்டன்ட், இல்லத்தரசி என்று பதிந்துகொண்டார்கள். அந்தக் காவலாளி ஞாயிற்றுக்கிழமை செம்பனைக்கு மருந்தடிக்கப் போகிறார். அந்த இல்லத்தரசி ரயில் பாதை ஓரம் கீரை போட்டிருக்கிறார். கையில் என்ன பிடிப்பீர்கள், கால் எதில் நனையும், வீட்டில் என்ன வளர்க்கிறீர்கள் என்று கேட்டால்தான் பதில் வரும். ஒரு நோயாளிக்கு இரண்டு நிமிடம்தான் கிடைக்கிறது என்பது எனக்குத் தெரியும். நானும் வரிசையைப் பார்த்து வேலை செய்தவன்தான்.

நோயாளியின் தொழிலைக் கேள் என்று இத்தாலிய மருத்துவர் ரமாஸினி 1700லேயே சொல்லிவிட்டார். அதைக் கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. 1998இல் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல் வந்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு கட்டி, கொசுப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் படுத்தவர்கள் பெரும்பாலும் குழந்தைகள் அல்ல, பெரியவர்கள். ஊசி போட்டவர்களும் விழுந்தார்கள். அநேகமாக எல்லாருக்கும் பொதுவாக இருந்தது பன்றியோடு செய்த வேலைதான். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதிய வைரஸைப் பிரித்தெடுத்த பிறகுதான் அது நீப்பா என்று தெரிந்தது. அதற்குள் நோய் நெகிரி செம்பிலான் வரை போய்விட்டது. மொத்தம் 265 பேர் பாதிக்கப்பட்டு, 105 பேர் இறந்தார்கள்.

ஸ்க்ரப் டைஃபஸ் என்கிற உண்ணிக்காய்ச்சலும் அப்படித்தான். மலாயாவில் இரண்டு வித டைஃபஸ் இருப்பதை, கடைத்தெருவில் ஒன்று, புதர் மண்டிய செம்பனைத் தோட்டத்தில் இன்னொன்று என்று, 1920களிலேயே ஃபிளெட்சரும் அவரோடு இருந்தவர்களும் பிரித்துக் காட்டினார்கள். ரத்தப் பரிசோதனையோடு, ஆள் எங்கே வேலை செய்கிறான் என்பதையும் பார்த்துத்தான் பிரித்தார்கள். குளோரம்ஃபெனிகால் அந்தக் காய்ச்சலுக்கு வேலை செய்கிறது என்று 1948இல் உலகுக்குக் காட்டியதும் கோலாலம்பூரில்தான். இன்றைக்கு டாக்ஸிசைக்ளின் போதும், விலையும் குறைவு. சிகரெட்டால் சுட்டது போன்ற கறுப்புப் பொருக்கு அக்குளிலோ தொடையிடுக்கிலோ இடுப்புக் கயிற்றுக்கு அடியிலோ ஒளிந்திருக்கும். துணியை விலக்கிப் பார்த்தால்தான் கிடைக்கும். நம் அம்மாமார்கள் ஆண் டாக்டரிடம் அதைக் காட்ட மாட்டார்கள், நர்ஸைக் கூப்பிடுங்கள்.

சரி, இனி ஹார்மோன் சுரக்கும் கட்டிகள். இவற்றுக்கு மண்ணோடு சம்பந்தமில்லை, வேலையை எழுதி என்ன பயன் என்று கேட்கலாம். இங்கே துப்பு நேரத்தில் இருக்கிறது. எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, அதற்கு முன் என்ன நடந்தது என்பதில் இருக்கிறது. அந்த நேரத்தை எங்கள் ஜனங்கள் வேலையை வைத்துத்தான் சொல்வார்கள். "பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பது) முடிஞ்சதும்", "பால் எடுக்கிற நேரம்" என்று.

சிறுநீரகத்துக்கு மேலிருக்கும் அட்ரினல் சுரப்பியின் உள்பகுதியில் வரும் பியோகுரோமோசைட்டோமா என்ற கட்டியைப் பாருங்கள். அட்ரினலினும் நோர்அட்ரினலினும் திடீரென்று கொட்டும். தலை வெடிக்கும், வியர்வை ஊற்றும், நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் எகிறும். கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே நடக்காதது போல் அடங்கிவிடும். கிளினிக்குக்கு வந்து சேர்வதற்குள் அழுத்தம் இறங்கியிருக்கும். "மனசுல பயம்" என்று அனுப்பிவிடுவார்கள். வீட்டில் காற்று கருப்பு என்று கோவிலுக்குக் கூட்டிப் போவார்கள். கோவிலுக்குப் போவதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். பூசாரியிடம் சொன்ன கதையில், உங்களிடம் சொன்னதைவிட அதிக விவரம் இருக்கும். என்றைக்கு வந்தது, என்ன நேரம், முகம் வெளுத்ததா என்று அவர் பொறுமையாகக் கேட்டிருப்பார். படபடப்புக்கு புரோப்பரனோலாலை மட்டும் எழுதிக் கொடுத்தால் இந்த நோயில் அழுத்தம் இன்னும் ஏறி உயிருக்கே ஆபத்தாகும், முதலில் ஆல்ஃபா தடுப்பு மருந்து என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். சந்தேகம் வந்தால்தானே அந்தப் பாடம் நினைவுக்கு வரும்?

இந்த நோயை முதலில் விவரித்தது ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில், 1886இல், ஃபெலிக்ஸ் ஃப்ரெங்கல். 18 வயதுப் பெண், இரண்டு அட்ரினலிலும் கட்டி. அறிக்கையைக் கவனமாக எழுதி வைத்திருந்தார்கள். நூறு வருடம் தாண்டி, 2007இல், அந்தக் குடும்பத்தின் வாரிசுகளைத் தேடிப்பிடித்து, பரம்பரையாக வரும் மரபணுக் குறை அவர்களிடம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஒரு நோயாளரைப் பற்றி எழுதி வைத்தது அவருடைய உறவுக்காரர்களுக்கு அத்தனை காலம் கழித்துப் பயன்பட்டிருக்கிறது. நீங்கள் எழுதும் அறிக்கையில் "குடும்ப வரலாறு இல்லை" என்று ஒரே வரியில் முடிப்பதைப் பார்க்கும்போது இதுதான் நினைவுக்கு வரும். எங்கள் ஆட்களின் சொந்தக்காரர்கள் தைப்பிங்கிலும் கோல கங்சாரிலும் தமிழ்நாட்டிலும் சிதறிக் கிடக்கிறார்கள். யார் திடீரென்று போனார் என்று பாட்டியைக் கேட்டால் சொல்வார்.

அமெரிக்க மருத்துவர் ஜெரோம் கான் 1955இல் எழுதிய நோயாளிக்கு 34 வயது. உயர் ரத்த அழுத்தத்தோடு தசைப் பலவீனமும் இழுப்பும். ஆல்டோஸ்டீரோன் என்ற அட்ரினல் ஹார்மோனைச் சுரக்கும் கட்டியை எடுத்ததும் சரியாகிவிட்டது. உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 5 முதல் 10 விழுக்காட்டினருக்கு ஆல்டோஸ்டீரோன் மிகுதி காரணமாக இருக்கலாம் என்று இப்போது சொல்கிறார்கள். எல்லாமே கட்டி அல்ல, ஆனால் இதை இனியும் அபூர்வம் என்று ஒதுக்க முடியாது. மூன்று மாத்திரை விழுங்கியும் அழுத்தம் இறங்காமல், "கால் இழுக்குது, மாடி ஏற முடியல" என்று சொல்லும் பெண்ணுக்கு நான்காவது மாத்திரை எழுதுமுன் பொட்டாசியத்தையும் ஆல்டோஸ்டீரோன்-ரெனின் விகிதத்தையும் ஒருமுறை பாருங்கள். இன்சுலினைக் கொட்டும் கணையக் கட்டியான இன்சுலினோமா நிஜமாகவே அபூர்வம், வருடத்துக்குப் பத்து லட்சம் பேரில் ஒன்று முதல் நாலு பேருக்கு வரும். ஆனாலும் வெறும் வயிற்றோடு விடியுமுன் பால்மரத்துக்குப் போகிற ஆள், அங்கே உளறி விழுந்து, இனிப்பு காப்பி கொடுத்ததும் தெளிந்தால், முதலில் குடிகாரன் என்று பேர் வைக்காமல் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுங்கள்.

எனக்கு அதிகக் கவலை தருவது கார்டிசோல், அதுவும் அட்ரினல் சுரக்கும் ஹார்மோன்தான். அது மிகுந்தால்: நிலவு முகம், பிடரியில் கொழுப்பு மேடு, வயிற்றில் ஊதாக் கோடுகள், தொட்டால் கன்றும் தோல். அமெரிக்க டாக்டர் ஹார்வி குஷிங் 1912இல் விவரித்த பெண் மாதிரியே எங்கள் ஊர்ப் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பல பேரைப் பார்க்கலாம். அவர்களில் பெரும்பாலோருக்குக் கட்டி கிடையாது, கையில் பாட்டில்தான் இருக்கிறது. மூட்டுவலிக்கு ஜாமு என்கிற நாட்டு மருந்து, 'மூலிகை' மாத்திரை, லேகியம். அவற்றில் சிலவற்றில் கார்டிசோல் போலவே வேலை செய்யும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை நம் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் திரும்பத் திரும்ப அறிவித்திருக்கிறது. 'மால்' என்ற அரசு மருந்துப் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இல்லாமல் வாங்குகிறார்கள். முதல் வாரத்திலேயே வலி பறந்துவிடுகிறது. அப்புறம் சர்க்கரை ஏறும், எதிர்ப்புச் சக்தி இறங்கும். அதே ஆள் அதே வெறுங்காலோடு அதே கால்வாயில் இறங்குவார். உங்கள் இதழில் ஹார்மோன் கட்டி ஒரு பகுதி, அபூர்வத் தொற்று வேறொரு பகுதி. எங்கள் தாமானில் இரண்டும் ஒரே உடம்பில் இருக்கின்றன. ஸ்டீராய்டு மிகுந்தால் அது கட்டியிலிருந்து வந்தாலும் சரி, பாட்டிலிலிருந்து வந்தாலும் சரி, நோகார்டியா, கிரிப்டோகாக்கஸ் போன்ற கிருமிகளுக்கு வழி திறந்துவிடுகிறது. மெலியாய்டோசிஸுக்கும் அப்படியே.

"வேற மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்றால் இல்லை என்றுதான் சொல்வார்கள், ஏனென்றால் ஜாமுவை யாரும் மருந்தாக நினைப்பதில்லை. "வீட்டில இருக்கிற பாட்டில், டப்பா எல்லாத்தையும் அடுத்த தடவை எடுத்துட்டு வாங்க" என்று சொல்லுங்கள். கோபத்தில் "தூக்கிப் போடு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்தவருடைய அட்ரினல் தூங்கிப்போயிருக்கும். சட்டென்று நிறுத்தினால் அழுத்தம் விழுந்து ஆளே போய்விடலாம். படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்பதை மகனையோ மகளையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு தமிழில் சொல்லுங்கள். தமிழ் தெரியாத டாக்டராக இருந்தால் வார்டில் ஒரு தமிழ் நர்ஸ் இல்லாமலா போவார்?

இனி என் கோரிக்கை. முதல் வரியில் வேலையை எழுதுங்கள். பதிவேட்டில் இருக்கும் வேலையை அல்ல, உண்மையில் செய்வதை. அப்புறம், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும்போது, இந்த மனிதரைப் பற்றி உலகமே படிக்கப் போகிறது என்பது அவருக்குப் புரிந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, அறிக்கை அச்சானதும் அதன் சாரத்தைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி அவர் ஊருக்கு அனுப்புங்கள், பெயரும் அடையாளமும் இல்லாமல். தமிழ் நாளிதழ்கள் வாங்கிப் போடும்.

அதைவிட நேரில் வந்தால் நல்லது. கோவில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் கல்யாணம் இல்லாத வாரங்கள் உண்டு. புரொஜெக்டரைத் தமிழ்ப்பள்ளியில் இரவல் கேட்கலாம், தலைமையாசிரியர் மறுக்க மாட்டார். கூட்டம் வராது என்று பயப்படாதீர்கள், கடைசியில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இலவசமாகப் பார்ப்போம் என்று அறிவித்தால் எல்லாரும் வருவார்கள். அவரவர் வீட்டுப் பாட்டிலையும் கொண்டுவரச் சொல்லிவிடுகிறேன். தேதியை மட்டும் நீங்கள் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்ட டிரஸர்,
சுங்கை சிப்புட், பேராக்.