வேரை விட்டு விறகை மட்டும் எடுத்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் ஊர்க் கண்மாயில் சீமைக் கருவேலத்தை அகற்ற ஏலம் விட்டார்கள். ஏலம் எடுத்தவர் தரைக்கு மேலே இருந்ததை அறுத்து லாரியில் ஏற்றிப் போய்விட்டார். வேரோடு கூடிய அடித்தூர் அப்படியே கிடந்தது. ஐப்பசி மழை பெய்ததும் ஒவ்வொரு தூரிலிருந்தும் கொத்துக் கொத்தாகத் துளிர் கிளம்பியது. ஒற்றை மரம் நின்ற இடத்தில் இப்போது ஆள் நுழைய முடியாத புதர்.

1877 வாக்கில் இந்தியாவுக்கு வந்த மரம் இது. காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சுகிறது என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் சொல்கிறார்கள். அப்படிச் சொல்லித்தான் இதை எதிர்க்க வேண்டுமென்பதில்லை. வரத்துக்காலை அடைத்து ஊருணிக்குத் தண்ணீர் வராமல் செய்கிறதே, அது போதாதா? 2022-ல் தமிழக அரசு இது போன்ற அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. அகற்றிய இடத்தில் நம் மண்ணின் மரம் செடிகளை மீட்பதும் அதில் உண்டு. ஊரில் நடப்பதோ வெட்டு மட்டும்தான்.

தேவகோட்டைக்குப் பக்கத்தில் எங்களுக்கும் கொஞ்சம் செம்மண் புஞ்சை இருக்கிறது. வெகுகாலம் தரிசாகக் கிடந்து முள்ளுக்காடாகிவிட்டது. மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, ஒரு முழ ஆழத்துக்குத் தூரோடு தோண்டி எடுத்தோம். அப்படி எடுத்தவை துளிர்க்கவில்லை. அப்புறம் எருவுக்காகக் கிடை போட்டோம். ஆடு படுத்த இடமெல்லாம் சீமைக் கருவேலங் கன்று! நெற்றைத் தின்ற ஆட்டின் புழுக்கையில் விதை சாகாமல் வந்துவிடுகிறது. சாண் உயரத்துக்குள் இருக்கும்போதே ஈர மண்ணில் கையால் பிடுங்கிவிட வேண்டும். விட்டால் ஆணிவேர் ஆழமாக இறங்கிவிடும்.

தரையை வெறுமையாக விட்டால் முள்தான் முதலில் வரும். அதனால் சரிவுக்குக் குறுக்கே வரப்புப் போட்டு, மழைநீர் நின்று இறங்கும்படி செய்தோம். பள்ளத்தில் நீர்மருதும் நாவலும், மேட்டில் வேம்பும் புங்கனும், எல்லை நெடுகப் பனை. கன்றுகளுக்கு நடுவே சீக்கிரம் நிழல் தர அகத்தி, தரையை மூட ஆவாரையும் கொழுஞ்சியும். நெற்று இல்லாத காய்ந்த முள்ளையே கன்றைச் சுற்றி ஆடு அண்டாத வேலியாக வைத்தோம். பில் மோலிசனும் டேவிட் ஹோம்கிரனும் 1970களில் ஆஸ்திரேலியாவில் பெர்மாகல்ச்சர் என்று பேர் வைத்த நீடித்த வேளாண்மை முறையும் தண்ணீர் ஓடும் வழியைப் பார்த்துத்தான் தொடங்குகிறது. வரத்துக்காலைத் திட்டமிட்டு ஊருணி வெட்டிய செட்டிநாட்டுக்கு இது தெரியாத சங்கதியா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஜேசிபி ஓட்டுபவருக்குச் சீமைக் கருவேலமும் நாட்டுக் கருவேலமும் ஒன்றாகவே தெரிகின்றன. நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை. காய் முத்துக் கோத்த மாலை மாதிரி இடையிடையே இறுகியிருக்கும். சீமையில் பூ நீளக் கதிராக வரும். காய் மஞ்சளாக, இறுக்கமில்லாமல் நீண்டிருக்கும். இதை யாராவது பக்கத்திலேயே நின்று காட்டாவிட்டால் நாட்டு மரமும் சேர்ந்து போய்விடும். பறவைகள் சரணாலயம் உள்ள வேட்டங்குடிப் பக்கம் பறவைகள் கூடு கட்டுவது கண்மாய்க்குள் நிற்கும் மரங்களில்தான். கூடு கட்டும் மாதங்களில் கண்மாய்க்குள் இயந்திரமே இறங்கக் கூடாது.

கரிமூட்டம் போட்டும் விறகு வெட்டியும் பிழைக்கிற குடும்பங்கள் இங்கே நிறைய. ஒரேயடியாக அழிக்காமல் பகுதி பகுதியாக எடுத்தால் அவர்களுக்கும் வேலை இருக்கும், நடவும் கூடவே நகரும்.

ஆகவே, அடுத்த ஏல அறிவிப்பில் தூரோடு எடுக்க வேண்டும் என்பதையும், எடுத்த இடத்தில் அந்த மழைக்குள்ளேயே நாட்டு மரக் கன்று நட்டு, மறு வருடம் முளைக்கும் சீமைக் கருவேலத்தைப் பிடுங்கித் தர வேண்டும் என்பதையும் நிபந்தனையாக எழுதும்படி மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டும் நிறைவேறும் வரை ஏலம் எடுத்தவரின் வைப்புத்தொகையைத் திருப்பித் தரக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தேவகோட்டை வட்டம், சிவகங்கை மாவட்டம்