சாசருக்கு முன்னும் சாசரோடும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் இடைக்கால ஆங்கில இலக்கியம் பற்றிய அறிமுகக் கட்டுரையை வெளியிட்டமைக்கு நன்றி. ஆனால், 1066-இல் பிரான்சின் நார்மண்டிப் பகுதியிலிருந்து வந்த நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் ஆங்கிலம் மூன்று நூற்றாண்டுகள் ஊமையாகக் கிடந்தது என்றும், 'கேண்டர்பரி கதைகள்' பாடிய பதினான்காம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர் வந்துதான் அதற்கு உயிர் கொடுத்தார் என்றும் கட்டுரையாளர் எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. நம் கல்லூரிப் பாடத்திட்டங்கள் பலவும் சாசரிலிருந்தே தொடங்குவதால் மாணவர் மனத்தில் ஏற்கெனவே ஊறிப்போன எண்ணம் இது. அறிமுகக் கட்டுரையே அதை உறுதிப்படுத்திவிடக் கூடாது என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

திருச்சபையிலும் ஆவணங்களிலும் இலத்தீன், அரசவையிலும் வழக்குமன்றத்திலும் பிரெஞ்சு, வயலிலும் சந்தையிலும் ஆங்கிலம் என்று மும்மொழிகள் ஒருங்கே புழங்கிய நாடு அது. பீட்டர்பரோ மடத்துத் துறவிகள் 1154 வரையிலான நிகழ்ச்சிகளை ஆங்கிலத்திலேயே பதிவு செய்துவந்தனர். 1200-ஐ ஒட்டி, செவர்ன் ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்த லாயமன் என்னும் பாதிரியார், வாஸ் என்பவரின் பிரெஞ்சுக் காவியத்தைத் தழுவி, ஏறத்தாழ 16,000 வரிகளில் பிரிட்டானிய மன்னர்களின் வரலாற்றைப் பாடினார். ஆர்தர் மன்னனின் கதை ஆங்கிலத்தில் முதன்முதலாக விரிவாகச் சொல்லப்பட்டது அந்நூலில்தான். பிரெஞ்சு மொழி ஆங்கிலத்தை நசுக்கியது என்று மட்டும் சொன்னால் அது பாதி உண்மைதான். ஆங்கிலத்துக்குக் கதையும் யாப்பும் வாரி வழங்கியதும் அம்மொழியே.

ஆங்கிலம் மீண்டும் தலையெடுத்ததும் ஒரு கவிஞரால் மட்டும் நிகழ்ந்ததன்று. 1204-இல் இங்கிலாந்து மன்னரின் ஆளுகையில் இருந்த நார்மண்டி கைவிட்டுப் போனது. 1337-இல் பிரான்சுடன் நெடும்போர் மூண்டது. 1348-49-இல் வந்த கொள்ளைநோய் மக்களில் மூன்றில் ஒரு பங்கினரையேனும் கொண்டுபோயிற்று. எஞ்சிய உழைப்பாளிகளின் கூலியும் குரலும் உயர்ந்தன. 1362-இல், பிரெஞ்சு மக்களுக்குப் புரியவில்லை என்று காரணம் கூறி, வழக்குகளை ஆங்கிலத்திலேயே வாதிட வேண்டும் என்று சட்டம் இயற்றப்பட்டது. அந்தச் சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டது என்பதிலிருந்து அக்காலத்தின் இழுபறியை உணரலாம்.

சாசரின் பெருமையைக் குறைப்பது என் நோக்கமன்று. மது வணிகரின் மகனாகப் பிறந்து, பிரான்சுப் போரில் சிறைப்பட்டு மீட்கப்பட்டு, 1374 முதல் இலண்டன் துறைமுகத்தில் கம்பளிச் சுங்க அலுவலராகப் பணியாற்றிய அவருக்கு எல்லாத் தரத்து மனிதரையும் அருகிருந்து காணும் வாய்ப்பு கிடைத்தது. ஆனால் அதே ஆண்டுகளில் லேங்லண்டு என்னும் கவிஞர், பசித்த ஏழைகளையும் ஊழல் மிகுந்த திருச்சபையினரையும் 'உழவன் பியர்ஸ்' காவியத்தில் நிறுத்தினார். 1381 உழவர் கிளர்ச்சியில் அதன் தலைவர்களில் ஒருவரான பாதிரியார் ஜான் பால் விடுத்த மடலிலேயே அந்தப் பியர்ஸின் பெயர் வருகிறது. வடமேற்கு வட்டார மொழியில் 'சர் கவைனும் பச்சை வீரனும்' பாடிய கவிஞரின் பெயர்கூட நமக்குத் தெரியாது. அவரது படைப்பு ஒரே ஒரு கையெழுத்துப் பிரதியில்தான் பிழைத்திருக்கிறது. இவ்விருவரும் அடிதோறும் மோனையால் கட்டிய பழைய யாப்பிலேயே பாடினார்கள். அந்த யாப்பு தெற்கத்தியனான தனக்கு வராது என்று சாசரின் கதைமாந்தரான பாதிரியார் சொல்வது, அது அன்று உயிரோடு இருந்தது என்பதற்கு நல்ல சான்று.

கட்டுரையில் ஒரு வரிகூடப் பெறாதவை நகர நாடகங்கள். எனக்குப் பெரிய குறையாகப் படுவது இதுவே. யார்க் நகரில் நற்கருணைத் திருநாளன்று, உலகப் படைப்பு முதல் இறுதித் தீர்ப்பு வரையிலான விவிலிய நிகழ்ச்சிகளைத் தொழிற்குழுவினர் சக்கர மேடைகளில் தெருத்தெருவாக நடித்துச் சென்றனர். நோவாவின் பேழையைக் கட்டுவது கப்பல் தச்சர் பொறுப்பு. இறுதி இராவுணவு ரொட்டி சுடுவோருடையது. சிலுவையில் அறையும் காட்சி ஊசியும் ஆணியும் செய்வோருடையது. அக்காட்சியில் படைவீரர்கள் சிலுவையின் கனத்தைப் பற்றி முணுமுணுக்கிறார்கள். துளைகள் தவறான இடத்தில் இடப்பட்டுள்ளதைக் கண்டு, கயிறு கட்டி இயேசுவின் உடலை இழுத்துப் பொருத்துகிறார்கள். தம் வேலையை முடிப்பதிலேயே கண்ணாயிருக்கும் அவர்களின் பேச்சை வாசிக்கும்போது இன்றும் நெஞ்சு பதைக்கிறது. எழுதியவர் பெயர் தெரியாத இந்நாடகம் சாசரின் எந்தக் கதைக்கும் சளைத்ததன்று என்பது என் துணிபு.

இக்கட்டுரை தொடராக வளருமாயின், அடுத்த பகுதியை யார்க் நாடகங்களுக்கும் லேங்லண்டுக்கும் ஒதுக்குமாறும், ஓரிரு காட்சிகளையேனும் தமிழாக்கி வெளியிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்,
பாளையங்கோட்டை